முன்னாள் படைவீரர் சங்கம்: உங்கள் ஊரில் உங்களுக்கு என்ன அனுபவம்?

வேலூரிலிருந்து:
கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர். அருகில்தான் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்று சொன்னால்தான் பலருக்கும் புரியும், அவ்வளவு பேர் பட்டாளத்துக்குப் போன ஊர். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பவர்கள் என்றுதான் சங்கத்துக்காரர்களை நினைத்திருந்தேன். மாமா இறந்தபோதுதான் அவர்கள் அருமை தெரிந்தது.

மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்தவர். காரியம் முடிந்த கையோடு ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அத்தையிடம் அவர் முதலில் சொன்னது இதுதான்: "அடுத்த மாசமும் அண்ணன் கணக்குல பென்ஷன் விழலாம்மா. எடுத்துடாதீங்க, பின்னாடி பிடிச்சுக்குவாங்க." எங்களில் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

காகிதங்கள் எங்கே என்றால், எல்லாம் மாமாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியில். மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டில் அவருடைய ஆர்மி நம்பர். பெட்டியைத் திறக்கும் முன்பே சுபேதார் அந்த நம்பரைக் குறித்துக்கொண்டார். அது இருந்தால், மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களின் ஆவணங்கள் இருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசில் எதையும் தேடி எடுக்கலாமாம்.

அப்புறம்தான் சிக்கல். மாமா பட்டாளத்திலிருந்து விடுபட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் அத்தையின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தது, ஆதாரில் வேறு. ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளம் வழியாக வருகிறது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நகராது. இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதச் சொல்லி, தாமே கூட வந்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கித் தந்தார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் அவரே அழைத்துப் போனார். போகிற வழியில், மாமாவின் ஓய்வூதியம் அப்படியே வராது, குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம்தான் என்பதையும் அத்தைக்குப் பொறுமையாக விளக்கினார். ஆட்டோ காசு கொடுக்கப் பார்த்தோம். வாங்கவில்லை.

பணம் வரத் தொடங்கியதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அத்தை எந்த ஆபீசிலும் தனியாக நிற்கவில்லை. நல்ல திட்டங்கள் இருந்தாலும், அந்தப் படிவத்துக்கும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவைக்கும் நடுவே யாராவது உட்கார வேண்டியிருக்கிறது. அந்த வேலையை இவர்கள் செய்கிறார்கள்.

குடியாத்தத்திலிருந்து:
நான் பார்த்தது மைதானத்தில். விடியற்காலையிலேயே, பட்டாளத்தில் நாயக்காக இருந்த சங்கத்து அண்ணன் ஒருவர் விசிலோடு வந்துவிடுவார். அக்னிவீர் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பீமில் 10 புல்-அப், ஒன்பதடிப் பள்ளம் தாண்டுதல். முதல் சுற்றிலேயே வேகமெடுத்து மூச்சு வாங்குபவனை நிறுத்தி, "கடைசி நானூறுக்கு காத்த மிச்சம் வைடா தம்பி" என்பார். எழுத்துத் தேர்வு முதலில் வருவதால் சாயங்காலம் கணக்கும் சொல்லித் தருகிறார்கள். நான் தேர்வாகவில்லை. அதற்குப் பிறகும் போலீஸ் தேர்வுக்கு இதே உடம்பு போதும் என்று என்னை விடாமல் ஓட வைத்தவர் அவர்தான். இதற்கே ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. இங்கே ஒரு ரூபாய் கிடையாது.

ஆரணியிலிருந்து:
முன்னாள் படைவீரரான அப்பா படுத்த படுக்கை. நவம்பர் வந்தால், ஓய்வூதியம் நிற்காமல் வர உயிர்வாழ் சான்று எப்படிக் கொடுப்பது என்று கவலையாக இருக்கும். கைரேகை தேய்ந்துவிட்டது, கருவியில் பதிவதில்லை. போன வருடம் சங்கத்தில் சொன்னேன். ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்துவிட்டார். "கண்ணை ஒரு தடவை சிமிட்டுங்க சாப்" என்றதும் அப்பா சிரித்துவிட்டார். எண்பது வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். உங்கள் தெருவில் இப்படி யாராவது படுக்கையில் இருந்தால் கடைசி வாரம் வரை காத்திருக்காமல் இப்போதே சங்கத்தில் சொல்லி வையுங்கள். ஆதார், பி.பி.ஓ. நம்பர் (ஓய்வூதிய ஆணை எண்), வங்கிக் கணக்கு எண், போன் நான்கையும் எடுத்து வைத்தால் போதும்.