கடல் பக்கமிருந்து சாயங்கால வெயில் வருமா? லைட்டிங் கத்துக்கிட்ட அனுபவங்கள்

முத்தியால்பேட்டை பையன்

குறும்படமோ விளம்பரமோ, லைட் வேலை கத்துக்கும்போது மண்டையில ஒட்டிக்கிட்ட ஒரே ஒரு சம்பவம் எழுதுங்க. என்னோடது இது.

பாண்டி பீச் ரோட்டைப் பாத்த மாடி அறை. கதைப்படி சாயங்காலம், அம்மா ஃபோனுக்காகக் காத்திருக்காங்க. ஜன்னல் வழியா மஞ்ச வெயில் சரிஞ்சு விழணும்னு டைரக்டர் கேட்டாரு. வெளிய சாரம் கட்டி ஹெச்எம்ஐ (பகல் வெயில் மாதிரி வெள்ளையா அடிக்கிற பெரிய லைட்) ஏத்தி, ஃபுல் சிடிஓ (வெளிச்சத்தை ஆரஞ்சாக்குற கலர் தாள்) போட்டாச்சு. நான் லைட் ஸ்டாண்ட் சாயாம இருக்கப் போடுற மணல் மூட்டை தூக்குற ஆள். சென்னையிலேருந்து யூனிட்டோட வந்த மூத்த லைட்மேன் அண்ணன் பார்ன் டோரை (லைட்டு முன்னாடி இருக்குற தகரக் கதவு) திருப்பிக்கிட்டே கேட்டாரு: "தம்பி, கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு அண்ணே."

"அப்ப சாயங்காலம் இந்த ஜன்னலுக்கு வெயில் எங்கேருந்து வரும்?"

கேமராமேன் காதுலயும் விழுந்துச்சு. "படம் பாக்குறவன் திசை பாத்துக்கிட்டா உக்காந்திருக்கான்?"னு சிரிச்சாரு. அண்ணன் மறுபேச்சு பேசல. ஃப்ளட்ல பரவலா இருந்த லைட்டை ஸ்பாட்டுக்குக் குறுக்கிக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியோட நிழல் அம்மா கழுத்துல குறுக்கால விழுற மாதிரி நிறுத்திட்டு இறங்கிட்டாரு. அதே ஃபிரேம்ல பின்னாடி கடல் தெரியுது!

இதுல உறுத்தல் என்னன்னா, மொத்தப் படத்துலயும் அழகான ஷாட் அதுதான். வெளியூர்க்காரங்க எல்லாரும் அதைத்தான் பாராட்டுறாங்க. எங்க தெருக்காரங்க மட்டும் "காலைல எடுத்ததா?"ன்னு கேக்குறாங்க.

குருசுக்குப்பம் கேமரா

கேமராமேன் சொன்னதை நான் ஒத்துக்கவே மாட்டேன். இந்த ஊர்ல சாயங்காலம் எப்படி இருக்கும்னு அவர் ஒரு நாள் நின்னு பாத்திருந்தா சிடிஓவே கேட்டிருக்க மாட்டாரு. சூரியன் ஊருக்குப் பின்னால இறங்கிடும். பீச் ரோட்ல நிக்கிறவன் மூஞ்சிக்கு வானத்து வெளிச்சம் மட்டும்தான். நிழலே விழாது, லேசா நீலம் அடிக்கும். மேற்கிலேருந்து கடலுக்கு வர்ற குறுக்குத் தெரு வழியா மட்டும் ஒரு பட்டை வெயில் ரோட்டுக்குக் குறுக்கால விழும்.

எனக்கு வெளிச்சத்தைப் பாக்கக் கத்துக்குடுத்தவர் அங்கதான் நிக்க வச்சாரு. கேமரா பையைத் திறக்க விடல. சுண்டல் விக்கிறவர் ஒருத்தர் தட்டோட அந்தப் பட்டைக்குள்ள வந்தாரு, தட்டும் மூஞ்சியும் பத்திக்கிச்சு. ரெண்டே எட்டு, வெளிய போயிட்டாரு, மறுபடி நீலம். "எத்தன ஸ்டாப் வித்தியாசம், சொல்லு"ன்னாரு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). மூணுன்னேன். வெளிச்சம் அளக்குற மீட்டரைக் குடுத்துப் பாக்கச் சொன்னாரு. நாலுக்கு மேல.

ஒயிட் டவுன்ல இன்னொரு தொல்லை அந்த மஞ்சள் சுவரு. வெயில் அதுல பட்டுத் திரும்புச்சுன்னா எதிர்ல நிக்கிற ஆளு மூஞ்சி பூரா மஞ்சள். கலர் கரெக்‌ஷன்ல சரி பண்ணிக்கலாம்னு விட்டா வெள்ளைச் சட்டை நீலமாப் போயிடும். பக்கத்துல ஒரு வெள்ளைத் தெர்மாகோல் வச்சாலே பாதி சரியாயிடும்.

ஓல்ட் டவுன் காரி

நான் கடலூர். தேவனாம்பட்டினத்துல மீன் விக்கிற அக்கா ஒருத்தங்களையே நடிக்க வச்சு ஒரு குறும்படம் எடுத்தாங்க, நான் அசிஸ்டென்ட். அக்கா நல்ல கருப்பு. வந்த கேமராமேன் முதல்ல மேக்கப்ல ரெண்டு கோட்டு ஏத்தச் சொன்னாரு. அப்புறம் 300 வாட் எல்இடியை நேரா மூஞ்சிக்கு அடிச்சாரு. மூஞ்சி தட்டையாச்சு, சேலை வெளுத்துப்போச்சு, அக்கா கண்ணைச் சுருக்கிக்கிட்டாங்க.

மதியம் அவர் சாப்பிடப் போன நேரம் லைட் பாய் தம்பி ரெண்டு வேட்டியை சேத்துக் கட்டி, லைட்டைத் திருப்பி அதுல அடிச்சான். மேக்கப்பையும் தொடைக்கச் சொன்னான். கருத்த தோலுக்கு வெளிச்சம் அதிகம் வேணாம், பெருசா வேணும். அவ்ளோ பெரிய வெள்ளைத் துணி கன்னத்து எலும்புல, நெத்தி வேர்வைல மினுக்குதுல்ல, அதுலதான் மூஞ்சிக்கு வடிவம் வருது. அக்காவோட பொண்ணு மானிட்டரைப் பாத்துட்டு "ஐ, எங்கம்மா கலர்லயே இருக்காங்க"ன்னுச்சு. அதுக்கு முன்னாடி வேற யாரோ மாதிரி இருந்திருக்காங்கன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது.

சாப்பிட்டு வந்த கேமராமேன் வேட்டியை அவுக்கச் சொன்னாரு, "இதெல்லாம் ப்ரொஃபஷனலா இல்ல"ன்னு. சத்யஜித் ராயோட 'அபராஜிதோ'வுக்கு (1956) கேமராமேன் சுப்ரதா மித்ரா காசி வீட்டு முற்றத்தை செட் போட்டப்ப, மேல வெள்ளைத் துணியைக் கட்டி, கீழேருந்து லைட்டை அதுல அடிச்சுத்தான் வானத்து வெளிச்சத்தையே கொண்டுவந்தாரு. அன்னைக்கு இது எனக்குத் தெரிஞ்சிருந்தா மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்பேன்.

வில்லியனூர் வயர்மேன்

அரியாங்குப்பத்துல ஒரு மண்டபத்துல கல்யாண சீன். ஓடுன ஃபுட்டேஜ் பூரா கருப்புப் பட்டை மேலேருந்து கீழ நகருது. அவ்ளோதான் என் கதை. ஆனா புதுசா வர்ற தம்பிங்களுக்கு சிலது சொல்லியாவணும்.

நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். சோக் வச்ச ட்யூப் லைட் செகண்டுக்கு 100 தடவ மின்னும், அதுதான் பட்டையா விழுது. 24 ஃபிரேம்ல எடுத்தா ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் எவ்ளோ நேரம் வெளிச்சம் வாங்கும்ங்கிற அளவு) 180 டிகிரில விடாம 172.8ல வைங்க, அதாவது ஒரு செகண்டுல 50ல ஒரு பங்கு. மலிவு எல்இடி பல்புன்னா ஃபோன் கேமராவுல பட்டை வருதான்னு ஒரு தடவ பாத்துட்டு நம்புங்க.

1000 வாட் லைட் நாலு ஆம்பியருக்கு மேல இழுக்கும். பழைய வீட்டு 5 ஆம்பியர் பிளக்ல ரெண்டைச் சொருகாதீங்க. கேபிளைச் சுருள்ல இருக்கும்போதே லோடு குடுக்காதீங்க, சூடாயி உருகிடும். முழுசாப் பிரிச்சுப் போடணும்.

லைட்டை ரெண்டடிலேருந்து நாலடிக்குத் தள்ளினா வெளிச்சம் பாதி ஆவாது, கால்வாசி ஆவும். அதனால ரெண்டு பேர் தள்ளித்தள்ளி உக்காந்திருந்தா லைட்டைத் தூரமா வைங்க, ரெண்டு மூஞ்சியும் சமமா வரும்.

உச்சி வெயில்ல க்ளோஸ்-அப் வேணாம். ஏப்ரல் கடைசிலயும் ஆகஸ்ட் கடைசிலயும் நம்ம ஊர்ல சூரியன் நேர் உச்சில நிக்கும், கண்ணு ரெண்டும் குழி. கருப்புத் துணியை மேல பிடிச்சிட்டு, பக்கத்துலேருந்து ஸ்கிம்மர் (சட்டத்துல கட்டின வெள்ளைத் துணி) குடுங்க. கடற்கரைல ஸ்கிம்மர் பிடிக்க ஒரு ஆள் பத்தாது, காத்து தூக்கும்.

முத்தியால்பேட்டை பையன்

வயர்மேன் அண்ணே, அனுபவம் கேட்டா ஈபி ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டிட்டீங்களே 😀

குருசுக்குப்பம்: நீங்க சொல்ற நீல வெளிச்சத்துல அம்மா காத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னு எனக்கும் தோணுது. ஆனா அந்தக் கம்பி நிழல் கிடைச்சிருக்காதே. நான் இன்னும் ரெண்டு பக்கமும்தான் நிக்கிறேன்.

லாஸ்பேட்டை நிழல்

எங்கப்பா லைட்மேன். டங்ஸ்டன் காலத்து ஆளு. சூடான பார்ன் டோர் பட்ட தழும்பு ரெண்டு கையிலயும் இருக்கு. தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனா கதை கேக்க மாட்டாரு. "மூக்கு நிழல் ரெண்டு பக்கமும் விழுது பாரு, ஃபில்லைக் கூட்டி வச்சிட்டான்"னு (ஃபில்னா நிழலை லேசாக்க வைக்கிற ரெண்டாவது லைட்) சத்தமா சொல்லி, முன் சீட்டுக்காரங்க திரும்பிப் பாப்பாங்க.

எனக்கு கேமராமேன் சரியா தப்பான்னு சண்டை இல்ல. கேள்வி கேட்ட அந்த லைட்மேன் அண்ணன் பேரு டைட்டில்ல வந்துச்சா?

முத்தியால்பேட்டை பையன்

இல்ல. யூனிட் பேரு மட்டும் வந்துச்சு. என் பேரு வந்துச்சு, மணல் மூட்டை தூக்குனதுக்கு "உதவி ஒளிப்பதிவு"ன்னு.

வில்லியனூர் வயர்மேன்

மணல் மூட்டைன்னதும் ஞாபகம் வருது. அதை ஸ்டாண்டோட உயரமான கால்ல போடணும் தம்பி, தரையைத் தொடாம தொங்கணும். நிறைய பேர் எங்கயோ போடுறாங்க.