புதுப்பிப்பு: பகாவ் செம்பனை ஆலை கன்வேயரின் கப்ளிங்

பழ கன்வேயரில் மோட்டாரின் தண்டையும் கியர்பாக்ஸின் தண்டையும் இணைக்கும் ஜா கப்ளிங்கின் (பற்களுக்கு நடுவே ரப்பர் வைத்த இணைப்பு) ரப்பர் அடிக்கடி பிய்ந்துபோகிறது, என்ன போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கியர் கப்ளிங் (பல்லோடு பல் பொருந்தும் உலோக இணைப்பு) போடச் சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி. ஆனால் டயர் வடிவ ரப்பர் வளையத்தால் இரு தண்டுகளையும் இணைக்கும் டயர் கப்ளிங்தான் போட்டிருக்கிறோம்.

முதலில் கணக்கு. மோட்டார் 15 கிலோவாட், நிமிடத்துக்கு 1450 சுற்று. 9550-ஐக் கிலோவாட்டால் பெருக்கிச் சுற்றால் வகுத்தால் டார்க் (முறுக்கு விசை) சுமார் 99 நியூட்டன் மீட்டர். பழம் நிறைந்த நிலையிலேயே கன்வேயர் கிளம்புவதால் சர்வீஸ் ஃபாக்டர், அதாவது கூடுதல் சுமைக்காகப் பெருக்கும் எண், 2 வைத்தோம். அப்படியானால் 200 நியூட்டன் மீட்டர் தாங்கினால் போதும். இந்த அளவுக்குக் கியர் கப்ளிங் தேவையே இல்லை. அதற்குத் தவறாமல் கிரீஸ் வைக்க வேண்டும், அதிர்ச்சியையும் அது உள்வாங்காது. டயர் வளைந்துகொடுக்கும், தேய்ந்தால் மோட்டாரை நகர்த்தாமலே மாற்றலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சாதாரண இயற்கை ரப்பர் டயர் வாங்காதீர்கள். எண்ணெய் பட்டால் ஊதிவிடும், நம் ஆலையில் எண்ணெய் படாத இடம் ஏது? நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் டயரைக் கேட்டு வாங்குங்கள்.

டயர் கோணலைத் தாங்கும் என்பதற்காக அலைன்மென்டை (இரு தண்டுகளையும் ஒரே நேர்கோட்டில் வைப்பதை) விட்டுவிடக் கூடாது. டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்தே பொருத்தினோம், பேரிங்கின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

அப்புறம், கியர்பாக்ஸின் மறுபக்கம் சங்கிலியால் இணைக்கும் செயின் கப்ளிங் அப்படியே இருக்கிறது. கியர்பாக்ஸ் வேகத்தை 30-க்கு 1 என்று குறைப்பதால் அங்கே டார்க் 3000 நியூட்டன் மீட்டரை நெருங்கும், வேகமோ குறைவு. அதற்கு அதுவே சரி.