மெட்டாலிகா ‘72 சீஸன்ஸ்’: முதல் வாரம் 1,46,000. இது சரிவா, இல்லையா?

ரிஃப்_செந்தூரன் | ஏப்ரல் 24, 2023

முதல் வாரக் கணக்கு வந்தாச்சு. ஏப்ரல் 14 வெளியான, மெட்டல் பேண்டான மெட்டாலிகாவோட 72 சீஸன்ஸ், அமெரிக்காவோட பில்போர்ட் 200 பட்டியல்ல 2ஆம் இடம். மொத்தம் 1,46,000 யூனிட் (ஆல்ப விற்பனையோட ஸ்ட்ரீமையும் தனிப்பாட்டு டவுன்லோடையும் ஆல்பக் கணக்கா மாத்திச் சேர்த்தது). அதுல ஆல்பமாவே வித்தது 1,34,000. முதலிடத்துல அமெரிக்க கன்ட்ரி பாடகர் மார்கன் வாலனோட 36 பாட்டு ஆல்பம், ஏழாவது வாரமா நகராம நிக்குது.

1991ல கருப்பு ஆல்பம் தொடங்கி 2016 ஹார்ட்வயர்டு வரைக்கும் ஆறு ஸ்டூடியோ ஆல்பமும் வரிசையா முதலிடத்துலதான் நுழைஞ்சது. (கராஜ் இங்க் மத்தவங்க பாட்டு, லுலு லூ ரீடோட சேர்ந்து பண்ணது. ரெண்டையும் கணக்குல சேர்க்கல.) அந்த வரிசை இப்ப அறுந்துபோச்சு.

எண்ணை வரிசையா வச்சுப் பாருங்க. கருப்பு ஆல்பம் 5,98,000. லோட் 6,80,000. ரீலோட் 4,36,000. செயின்ட் ஆங்கர் நாலு லட்சத்துக்கு மேல. டெத் மேக்னடிக் 4,90,000. ஹார்ட்வயர்டு 2,91,000. இப்ப 1,46,000. ஆறரை வருஷத்துல சரிபாதி. அந்த 2016 எண்ணும் கச்சேரி டிக்கெட்டோட சேர்த்துக் கொடுத்து ஏத்தினதுதான். இதைச் சரிவுன்னு சொல்லத் தயங்க வேண்டியதில்ல.

பேஸ்_கதிர்

முதலில் ஒரு திருத்தம். டிக்கெட்டோடு ஆல்பம் கொடுத்தது 2017 வட அமெரிக்க ஸ்டேடியம் சுற்றுப்பயணத்துக்கு. ஹார்ட்வயர்டு வெளியானது 2016 நவம்பர் 18. முதல் வாரத்துக்கும் அந்த டிக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 2,91,000இல் 2,82,000 பேர் காசு கொடுத்து வாங்கிய ஆல்பம்தான்.

இரண்டாவது, நீங்கள் அடுக்கிய எண்கள் ஒரே படியில் அளந்தவை இல்லை. டெத் மேக்னடிக் 2008 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை வெளியானது. அப்போது சவுண்ட்ஸ்கேன் (விற்பனையை எண்ணும் அமைப்பு) வாரம் ஞாயிறோடு முடியும். ஆக 4,90,000 என்பது மூன்றே நாள் விற்பனை. செயின்ட் ஆங்கரும் அப்படித்தான். இணையத்தில் கசிந்துவிடும் என்று தேதியை முன்னே இழுத்து வியாழனில் விட்டார்கள், கிடைத்தது நான்கு நாள். 2015 ஜூலைக்குப் பிறகுதான் வெள்ளி முதல் வியாழன் வரை முழு ஏழு நாள் கணக்கு.

இதைவிட முக்கியமானது கடையின் அளவு. அமெரிக்காவில் 2008இல் மொத்தம் விற்ற ஆல்பங்கள் ஏறக்குறைய 43 கோடி. 2016இல் சுமார் 20 கோடி. 2022இல் 10 கோடி. வகுத்துப் பாருங்கள். அந்தந்தக் காலத்தில் விற்ற ஒவ்வொரு லட்சம் ஆல்பத்துக்கும் டெத் மேக்னடிக்கின் முதல் வாரம் 114. ஹார்ட்வயர்டு 141. 72 சீஸன்ஸ் 134. (2023 முடியாததால் இதற்கு 2022 மொத்தத்தைத்தான் வைத்தேன்.) ஊரே காலியாகிக்கொண்டிருக்கும்போது தன் வீட்டில் இருந்தவர்களை அப்படியே வைத்திருக்கிற பேண்டைப் பார்த்துச் சரிவு என்கிறீர்கள்.

ரிஃப்_செந்தூரன்

டிக்கெட் விஷயத்துல நான் சொன்னது தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்.

ஆனா 134, 141ன்னு நீங்க வகுக்கிறது ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குறவங்க உலகத்துக்குள்ள மட்டும்தான். அந்த உலகமே சுருங்கிட்டுப் போகுது. மீதி எல்லாரும் எங்க போனாங்களோ அங்க இந்த பேண்டுக்கு எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்கணும். அதுக்கு வழி இருக்கு, பிறகு போடறேன்.

ஊசிமுனை

செந்தூரன் கணக்குப் போடுவதற்குள் வைனல் (இசைத்தட்டு) பக்கத்திலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன். 1,34,000 பிரதி என்றால் 1,34,000 ஆட்கள் இல்லை.

சிடி காலத்தில் ஒருவர் ஒரு பிரதிதான் வாங்குவார். இன்று அதே ஆல்பம் இரட்டை வைனலில், அதிலும் பல நிறங்களில், ஒரு நிறம் ஒரு கடையில் மட்டும் என்று வருகிறது. அதோடு சிடி, கேசட், டவுன்லோடு. சேகரிக்கிறவர் இரண்டு மூன்று எடுப்பார். ஒவ்வொன்றும் தனித்தனி விற்பனையாகப் பதிவாகும். 2022இல் விற்ற அந்த 10 கோடி ஆல்பத்தில் 4.3 கோடிக்கு மேல் வைனல். அதனால் கதிரின் 114ஐயும் 134ஐயும் பக்கத்தில் வைக்கும்போது, 114இல் இருப்பவை தலைகள், 134இல் இருப்பவை தட்டுகள் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் பேண்டுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. 2020 அக்டோபரில் வந்த விதிப்படி, டிக்கெட்டோடும் டிஷர்ட்டோடும் விலைக்குள்ளேயே கட்டிக் கொடுத்த ஆல்பத்தை பில்போர்ட் எண்ணவில்லை. ஆல்பத்துக்கென்று தனியாகக் காசு கொடுத்திருக்க வேண்டும். வைனலை ஆர்டர் செய்தவுடன் டவுன்லோடு கொடுத்து அதை அன்றே விற்பனையாகக் காட்டுகிற வழியையும் அதே விதி அடைத்துவிட்டது. தட்டு கிடங்கிலிருந்து கிளம்பும் வாரத்தில்தான் கணக்கு. எனவே முன்பதிவு எவ்வளவு குவிந்திருந்தாலும், முதல் வாரத்தில் வைனல் அச்சாகித் தயாராக இல்லாவிட்டால் அது முதல் வார எண்ணில் வராது. பல பெரிய ஆல்பங்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். சிடியும் டவுன்லோடும் ஒரு வாரத்தில், வைனல் நான்கைந்து மாதம் கழித்து. விற்பனை இரண்டாகப் பிளந்து, இரண்டு முறையும் அரைகுறை இடம்.

72 சீஸன்ஸில் அப்படி நடக்கவில்லை. 2022 நவம்பர் 28 அறிவித்து நாலரை மாதம் விட்டார்கள், எல்லா வடிவமும் ஒரே நாளில் வந்தது. வெளியீட்டுக்கு முந்தைய மாதம் வர்ஜீனியாவில் உள்ள ஃபர்னஸ் ரெக்கார்டு அச்சகத்தின் பெரும்பங்கையே இந்த பேண்ட் வாங்கியது. வைனல் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பேஸ்_கதிர்

தட்டு, தலை வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் 2016இலும் ஹார்ட்வயர்டு பல வடிவங்களில் வந்தது. 141க்கும் 134க்கும் நடுவில் அந்தக் குறை அவ்வளவு பெரிதாக விழாது.

ட்ரெமலோ_மணி

ஒரு சந்தேகம் தோழர்களே. நம்ம ஊர்ல எத்தனை பேர் முதல் நாளே முழு ஆல்பத்தையும் ரெண்டு மூணு தடவை ஓட்டியிருப்போம். அதெல்லாம் இந்த 1,46,000ல வராதா?

ஊசிமுனை

வராது மணி. பில்போர்ட் 200 அமெரிக்காவுக்குள் விற்றதையும் கேட்டதையும் மட்டும் எண்ணுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கேட்டது அந்தந்த நாட்டின் கணக்கு. பிரிட்டனுக்குத் தனிப் பட்டியல், அங்கே 72 சீஸன்ஸ் முதலிடம். ஹார்ட்வயர்டு அங்கே லிட்டில் மிக்ஸ் என்ற பாப் குழுவுக்குப் பின்னால் 2ஆம் இடத்தில் நின்றது. அமெரிக்காவில் 1இலிருந்து 2, பிரிட்டனில் 2இலிருந்து 1. இடம் என்பது அந்த வாரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

ரிஃப்_செந்தூரன்

இடத்தைப் பத்தி நான் வாதாடப் போறதில்ல. எண்ணுக்கு வரேன்.

மொத்த யூனிட்ல ஆல்ப விற்பனையைக் கழிச்சா மிஞ்சுறது ஸ்ட்ரீமும் தனிப்பாட்டு டவுன்லோடும். பத்துப் பாட்டு தனியா வித்தா ஒரு யூனிட், அது சின்னத் தொகை, விட்டுடலாம். 2016ல மிச்சம் 9,000. அப்ப 1,500 ஸ்ட்ரீமுக்கு ஒரு யூனிட். பெருக்கினா 1.35 கோடி. இப்ப மிச்சம் 12,000. இந்த 2023 விதிப்படி சந்தா கட்டிக் கேக்குறவங்க 1,250 ஸ்ட்ரீம் ஒரு யூனிட், விளம்பரத்தோட கேக்குறவங்க 3,750. பெரும்பாலும் சந்தாக்காரங்கன்னு வச்சுக்கிட்டா 1.5 கோடி.

ரெண்டு ஆல்பத்துலயும் 12 பாட்டுதான். ரெண்டும் 77 நிமிஷம்தான். ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. 2016ல அமெரிக்காவுல மொத்த ஆடியோ ஸ்ட்ரீம் சுமார் 25,200 கோடி. 2022ல 1.1 லட்சம் கோடி. கடை நாலு மடங்குக்கு மேல பெருத்திருக்கு. இவங்க 1.35லேர்ந்து 1.5. கதிர் அண்ணே, ஒரு லட்சத்துக்கு எத்தனைங்கிற உங்க படியிலேயே இதையும் அளங்க. பங்கு கிட்டத்தட்ட நாலுல ஒண்ணாக் குறைஞ்சிருக்கு. சுருங்குற கடையில இடத்தைக் காப்பாத்திக்கிட்டாங்க, வளருற கடையில இருந்த இடத்தையும் விட்டுட்டாங்க. எனக்கு வலிக்கிறது இதுதான்.

பேஸ்_கதிர்

இது வலுவான கணக்கு. ஆனால் அந்தக் கடை யாருக்காகக் கட்டியது என்பதையும் பாருங்கள் தம்பி.

ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால் ஒரு ஸ்ட்ரீம். இரண்டு நிமிடப் பாட்டுக்கும் ஒன்று, இந்த ஆல்பத்தின் கடைசியில் வருகிற 11 நிமிடப் பாட்டுக்கும் ஒன்றுதான். 12 பாட்டு ஆல்பத்திலிருந்து ஒரு யூனிட் வர முழு ஆல்பத்தையும் 104 முறை கேட்க வேண்டும். 77 நிமிடக் கணக்கில் 133 மணி நேரம். வாலனின் 36 பாட்டை 35 முறை ஓட்டினால் ஒரு யூனிட். அந்த ஆல்பம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, ஆக 70 மணி நேரம்கூட ஆகாது. கேட்கிற நேரம் ஏறக்குறைய பாதி, கிடைக்கிற மதிப்பு ஒன்று.

இன்னொன்று. வெளியீட்டுக்கு முன்னாலேயே நான்கு பாட்டு வந்துவிட்டது, முதல் பாட்டு நவம்பரிலேயே. அந்த மாதங்களில் ஓடிய ஸ்ட்ரீம் எதுவும் இந்த வாரத்தில் இல்லை. தீவிர ரசிகர்கள் அந்த நான்கையும் கேட்டுத் தீர்த்துவிட்டுத்தான் ஏப்ரல் 14க்கு வந்தார்கள்.

ரிஃப்_செந்தூரன்

முன்கூட்டியே பாட்டு விட்டது 2016லயும் நடந்ததுதானே. நீளமான பாட்டும் அப்பயும் நீளம்தான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற குறையை வச்சு வித்தியாசத்தை விளக்க முடியாது.

பேஸ்_கதிர்

ஆமாம், அது சரி. அந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஆட்கள் வரவில்லை என்பது சரியில்லை. 2022 ஜூலையில், 1986ஆம் ஆண்டுப் பாட்டான மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ், ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரில் வந்த பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக, தனிப்பாட்டுகளுக்கான பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 40ஆம் இடத்தில் நுழைந்தது. கருப்பு ஆல்பம் பில்போர்ட் 200இல் 600 வாரங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வந்தவர்கள் பழைய ஆல்பங்களுக்குப் போகிறார்கள்.

ஊசிமுனை

செந்தூரன் சொல்வதும் அதுதானே கதிர். வாசல் வரை வந்தவர்கள் புது அறைக்குள் நுழையவில்லை.

நீண்ட காலமாக இயங்கும் மற்ற பேண்டுகளையும் பார்த்துவிடலாம். 2020இல் ஏசி/டிசியின் பவர் அப் 1,17,000 யூனிட், ஆல்பமாக 1,11,000, முதலிடம். 2022 ஏப்ரலில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் 97,500, ஆல்பமாக 82,500, அதுவும் முதலிடம். மெட்டாலிகா இரண்டையும் தாண்டிவிட்டு 2ஆம் இடத்தில் நிற்கிறது. மறுபக்கம் டூல். 2019இல் 2,70,000 யூனிட், அதில் 2,48,000 ஆல்பம். முதலில் வந்த சிடிப் பெட்டியில் 4 அங்குலத் திரையே வைத்திருந்தார்கள், விலையும் அதற்கேற்ப. ஆனாலும் வாங்கினார்கள், 13 வருடம் காத்திருந்த பசி அது. காத்திருப்பு நீண்டால் முதல் வாரம் வீங்கும்.

பேஸ்_கதிர்

அதனால்தான் முதல் வார எண்ணை ஆல்பத்தின் மதிப்பெண்ணாக எடுக்காதீர்கள் என்கிறேன். முதல் வாரத்தில் வாங்குகிறவர் புது ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வாங்குவதில்லை. பழையதன் மேல் உள்ள நம்பிக்கையில் வாங்குகிறார். இந்த பேண்டிலேயே சான்று இருக்கிறது. லோட் 6,80,000இல் தொடங்கியது, கருப்பு ஆல்பத்தைவிட 82,000 கூடுதல். அந்த 6,80,000ஐக் கூட்டி வந்ததே கருப்பு ஆல்பம்தான். கருப்பு ஆல்பம் அமெரிக்காவில் 1.6 கோடிக்கு மேல் விற்றது. அதன் முதல் வாரம் மொத்தத்தில் நூற்றுக்கு நான்குகூட இல்லை. லோட் அந்த மொத்தத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

ட்ரெமலோ_மணி

அப்ப 72 சீஸன்ஸ் எப்படின்னு தெரிஞ்சுக்க எந்த எண்ணைப் பாக்கணும்?

ஊசிமுனை

இரண்டாம் வாரத்தில் மொத்த யூனிட் எவ்வளவு விழுந்தது என்று பார்க்காதீர்கள். முன்பதிவு முழுவதும் முதல் வாரத்தில் கொட்டிவிட்டதால் அது எப்படியும் செங்குத்தாக விழும். இப்போது ஓடுகிற வாரம் ஏப்ரல் 21 முதல் 27 வரை. நடுவில் 22ஆம் தேதி, இசைத்தட்டுக் கடைகளுக்கான நாளான ரெக்கார்டு ஸ்டோர் டே வந்துவிட்டது. கடைகளில் கூட்டம் இருந்திருக்கும், ஆனால் கையில் எடுத்தது அன்றைக்கென்றே அச்சடித்த வேறு தட்டுகளை. ஆல்ப விற்பனைப் பட்டியல் முழுக்க அவை நிரம்பியிருக்கும். அதையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ரிஃப்_செந்தூரன்

அப்ப ஸ்ட்ரீம் பங்கை மட்டும் எடுத்துக்கலாம். முதல் வாரம் 12,000 யூனிட். இரண்டாம் வாரம் 6,000க்குக் கீழ போச்சுன்னா ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டாங்கன்னு அர்த்தம், நான் சொன்னது நிக்கும். 8,000க்கு மேல நின்னா திரும்பத் திரும்பக் கேக்குறாங்க, அப்ப கதிர் அண்ணன் பக்கம் நான் வந்துடறேன்.

பேஸ்_கதிர்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறாவது வாரத்திலும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஏப்ரல் 27 ஆம்ஸ்டர்டாமில் சுற்றுப்பயணம் தொடங்குகிறது. ஒரு ஊரில் இரண்டு இரவு, ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது என்று சொல்லியிருக்கிறார்கள். புதுப் பாட்டு எத்தனை அந்தப் பட்டியலில் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்து வைக்கிறேன்.