காசிமேட்டு விடியல் டைம்லாப்ஸில் வெளிச்சம் துடிக்கிறது

கேள்வி:
வீடு தண்டையார்பேட்டை. மூன்று ஞாயிறாக விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் வீடியோ) எடுக்கிறேன். திரும்பி வரும் படகுகள், ஏலக் கூட்டம், பின்னால் சூரியன், எல்லாம் ஒரே பிரேமில் விழும் இடம் கிடைத்துவிட்டது. 5 நொடிக்கு ஒன்றாக 500 படம். நொடிக்கு 25 வீதம் ஓட்டினால் 20 நொடி. ஆனால் கெட்டுப்போன ட்யூப்லைட் மாதிரி வெளிச்சம் துடிக்கிறது. அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 11, அதாவது சிறியது. மோடு அபெர்ச்சர் ப்ரையாரிட்டி, துவாரத்தை நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும். ஒயிட் பேலன்ஸும் (நிறச் சமன்) ஆட்டோ. எங்கே தப்பு?

பதில் 1:
தம்பி, ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் எஃப் 11 வரை மூடித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் அச்சாக அதே அளவுக்கு மூடாது. தனிப் படத்தில் தெரியாத வித்தியாசம் ஓட்டும்போது துடிப்பாகிவிடும். அபெர்ச்சரை முழுசாகத் திறந்து வையுங்கள், வெளிச்சம் ஏறினால் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி). ஒயிட் பேலன்ஸை ஒரே அளவில் நிறுத்திவிட்டு ரா ஃபைலாக (கேமரா பதிவதை அப்படியே வைக்கும் வடிவம்) எடுங்கள்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் விடியற்காலையில் முழு மேனுவல் (எல்லா அளவையும் கையால் நிறுத்துவது) வேண்டாம், 40 நிமிடத்தில் வெளிச்சம் பல மடங்கு ஏறிவிடும். இப்போதைய மோடிலேயே எடுத்து, மிச்சத் துடிப்பை டீஃப்ளிக்கர் மென்பொருளில் (படங்களின் வெளிச்சத்தைச் சமப்படுத்துவது) சரிசெய்யுங்கள். அப்புறம், உப்புக்காற்று! எண்ணூரில் ஒருமுறை என் லென்ஸில் படிந்த படலத்தை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். முழுக் காலையும் வீண்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்று மொட்டை மாடியில் அபெர்ச்சரை முழுசாகத் திறந்து எஃப் 2.8-ல் எடுத்துப் பார்த்தேன், துடிப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஞாயிறு மறுபடி போகிறேன். மீன் விற்கும் அக்காக்களிடம் கேட்டுவிட்டுத்தான் முக்காலி வைப்பேன். போன வாரம் ஒரு அக்கா கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார்.