ஈனே மன்னரின் சட்டத்தில் தீயும் கோடரியும்

கேள்வி:
இங்கிலாந்தின் தெற்கிலிருந்த பழைய அரசான வெசெக்ஸை 688 முதல் 726 வரை ஆண்ட ஈனே மன்னரின் சட்டத் தொகுப்பைப் படித்து வருகிறேன். காட்டில் ஒரு மரத்தை எரித்தவர் இன்னாரென்று தெரியவந்தால் 60 ஷில்லிங் தண்டம் கட்ட வேண்டும். பல மரங்களை வெட்டியவரோ மூன்று மரங்களுக்கு மட்டும், மரத்துக்கு 30 ஷில்லிங் வீதம் கட்டினால் போதும். அதற்குமேல் எத்தனை வெட்டியிருந்தாலும் கணக்கில் வராது. தீ திருடன் என்றும், கோடரி திருடனன்று, காட்டிக்கொடுப்பது என்றும் சட்டமே காரணம் சொல்கிறது. கூடுதலாக அழித்தவருக்கு ஏன் இந்தச் சலுகை?

முதல் பதில்:
ஐயா, இச்சட்டம் இழப்போடு ஒளிவையும் சேர்த்தே எடைபோடுகிறது. கோடரியின் ஓசை காடெங்கும் கேட்கும் என்பதால் உரியவர் ஓடிவந்து தடுக்க வழியுண்டு. தீ ஓசையின்றித் தின்றுவிடும். இதே எண்ணத்தைப் பிற விதிகளிலும் காணலாம். வழியை விட்டு விலகிக் காட்டுக்குள் செல்லும் அயலான் குரல் கொடுக்காமலும் கொம்பு ஊதாமலும் போனால், அவனைத் திருடன் என்றே கொள்ள வேண்டும். திருடன் என்று ஒருவனைக் கொன்றவர் அதை மறைத்துப் பின்னர் அகப்பட்டால், இறந்தவன் குற்றமற்றவன் என்று சத்தியம் செய்யும் உரிமை அவனுடைய உறவினருக்குக் கிடைத்துவிடுகிறது. மறைத்தவரின் சொல்லுக்கு மதிப்பில்லை என்ற இந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

இரண்டாம் பதில்:
அதற்காக இழப்பை மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். முப்பது பன்றிகள் நிற்கக்கூடிய நிழல் தரும் மரத்தை வெட்டினால், அந்த ஒரு மரத்துக்கே 60 ஷில்லிங். ஓக் மரக் கொட்டைகளைத் தின்றுதான் பன்றிகள் கொழுத்தன. ஆகவே மரத்தின் மதிப்பைப் பன்றிகளால் அளந்தது அவர்களுக்கு இயல்பே.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இத்தொகுப்பு, ஒன்பதாம் நூற்றாண்டில் வெசெக்ஸை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னரின் சட்டத்துக்குப் பின்னிணைப்பாக மட்டுமே கிடைக்கிறது. பழைய சட்டங்களில் தமக்கு உகந்தவற்றை ஏற்றுப் பலவற்றைத் தள்ளியதாக அவரே முன்னுரையில் கூறுகிறார். அப்படியானால் இவை ஈனேயின் சொற்கள்தாம் என்று நம்பலாமா?

முதல் பதிலளித்தவர்:
பெரிதும் நம்பலாம் என்பதே என் கருத்து. ஆல்ஃபிரட் தம் சட்டத்தில் எரித்தாலும் வெட்டினாலும் ஒரே விதியை வைக்கிறார்: பெரிய மரம் ஒவ்வொன்றுக்கும் 5 ஷில்லிங், மற்றவை எத்தனையானாலும் ஒவ்வொன்றுக்கும் 5 பென்னி, அவற்றோடு 30 ஷில்லிங் தண்டம். தம் விதியோடு முரண்படும் ஈனேயின் விதியை அவர் திருத்தியிருந்தால், திருடனான தீயும் காட்டிக்கொடுக்கும் கோடரியும் நம்மை வந்தடைந்திருக்கமாட்டா.