மிரட்டும் மாணவனை எப்படி அணுகுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தரம் 10 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். சில வாரங்களாக எவருடனும் பேசாதிருந்த மாணவன் ஒருவன், கொப்பியைத் திருத்திக் கொடுத்தபோது, “வெளியில வாங்கோ, பாப்பம்” என்று மிரட்டினான். அதிபர் பொறுத்துப்போகச் சொல்கிறார். எனக்கோ பயமாக இருக்கிறது.

பதில் 1: ரீச்சர், அவன் சொன்ன சொற்களை மாற்றாமல் திகதி, நேரத்துடன் எழுதி அதிபரிடம் கையளியுங்கள். தனியாக மறித்து விசாரிக்க வேண்டாம்.

பதில் 2: அடித்துத் திருத்தலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள் (எங்கள் ஆசிரியர் அறையிலும் ஒருவர் இருக்கிறார்), கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்துவிட்டது. மிரட்டலைவிட அவன் பேசாதிருந்த வாரங்களே என்னை உறுத்துகின்றன என்பதால், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையும் வைத்துக்கொண்டு பெற்றோருடன் பேசுங்கள். உளநல உதவிக்கு 1926 என்ற இலக்கமும் உண்டு.

கேட்டவர்: நன்றி சேர். தாயார் நாளை வருகிறார்.