தெருமுனைக் குப்பைத் தொட்டியை எடுத்தது சரியா?

தெற்குவீதி:
எங்கள் வார்டில் தெருமுனையில் இருந்த பெரிய குப்பைத் தொட்டியைப் போன மாதம் தூக்கிவிட்டார்கள். இனிமேல் காலையில் வாசலுக்கு வரும் பேட்டரி வண்டியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும், வெளியே எங்கேயும் கொட்டக் கூடாது. தொட்டி திரும்ப வேண்டும் என்று தெருவில் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போட மாட்டேன். அந்தத் தொட்டி இருந்தபோது உள்ளே இருந்ததைவிட வெளியே கிடந்த குப்பைதான் அதிகம். கோழிக்கடைக் கழிவு, மண்டபத்து எச்சில் இலை, டயப்பர் எல்லாம் ஒன்றாகக் கிடந்து நாறும், அதைத் தின்ன நாய்க்கூட்டம். அந்த முனையில் தெருவிளக்கும் பாதி நாள் எரியாது. டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் அந்த வழியை விட்டுச் சுற்றிப் போனதை எல்லாரும் பார்த்தோம். சுத்தமும் பாதுகாப்பும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த முனையில் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

இரவுப்பணி:
நான் நடந்திருக்கிறேன், நர்ஸ் வேலைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். நாய்க்கு நானும் பயந்தேன். ஆனால் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்லுங்கள். எட்டு, எட்டரை, சில நாள் பத்து. பகல் ஷிப்ட் என்றால் ஆறே முக்காலுக்கே நான் பேருந்து ஏறியாக வேண்டும், இரவு ஷிப்ட் என்றால் வண்டி போன பிறகுதான் வீடு வருவேன். மாடியில் ஒற்றை அறை. மீன் கழுவிய கழிவை அதில் மூன்று நாள் எங்கே வைப்பது? பையை வாசலில் வைத்துவிட்டுப் போனால் நாய் கிழிக்கிறது, அதற்கும் கீழ்வீட்டில் திட்டுகிறார்கள். வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கும் குடும்பங்களை மட்டும் மனதில் வைத்துப் போட்ட திட்டம் இது.

பழையவார்டு:
சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தொட்டியை எடுத்தது சரி என்பதே என் கருத்து. தெருமுனைத் தொட்டியில் விழுவதெல்லாம் கலப்புக் குப்பை. அதைக் காம்பாக்டர் லாரியில் கொட்டி அழுத்தினால் சோறும் கண்ணாடியும் துணியும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிறகு உரமும் போட முடியாது, பழைய பொருளாக விற்கவும் முடியாது, நேராகக் கிடங்குக்குத்தான் போகும். சென்னையில் பெருங்குடிக் கிடங்கு அப்படித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி மலையாக வளர்ந்தது, அந்தச் சதுப்பு நிலம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இப்போது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங்குக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்கிறோம். கொச்சியில் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் பற்றி எரிந்து பத்து நாளுக்கு மேல் ஊரே புகையில் இருந்தது. வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகளே தெளிவாகச் சொல்லிவிட்டன, மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாக. தெருமுனையில் பொதுத் தொட்டி இருக்கும்வரை பிரிக்க யாருக்கும் மனம் வராது. இந்தூரில் தொட்டிகளை எடுத்துவிட்டுத்தான் வீடு வீடாகப் போனார்கள், 2017 முதல் 2023 வரை வருடா வருடம் மத்திய அரசின் தூய்மை ஆய்வில் முதலில் நின்றார்கள்.

இரவுப்பணி:
ஐயா, அதே இந்தூரில் கடைத்தெருக்களுக்குச் சாயங்காலமும் வண்டி போகிறது, ராத்திரியில் தெரு கூட்டுகிறார்கள். நம் ஊரில் எடுத்தது தொட்டியை மட்டும்தான், வண்டி கூடுதலாக ஒரு நடைகூட வரவில்லை. பாதித் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டு இந்தூர் என்று பேர் சொன்னால் எப்படி?

துடைப்பம்:
என் அம்மா தூய்மைப் பணியாளர், ஒப்பந்தத்தில் இருக்கிறார், எந்த ஊர் என்று நான் சொல்ல விரும்பவில்லை. தொட்டி இருந்தபோது லாரியே அதைத் தூக்கிக் கவிழ்க்கும். இப்போது ஒவ்வொரு வீட்டுப் பையையும் அம்மாதான் வாங்குகிறார், பிரிக்காத பையை அவர்தான் கையை விட்டுப் பிரிக்கிறார். அதில் உடைந்த ட்யூப்லைட், ஷேவிங் பிளேடு, சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் ஊசி எல்லாம் வரும். கையுறை கொடுத்தால் ஒரு வாரத்தில் கிழிகிறது, அடுத்தது வர மாதக்கணக்கு. நீங்கள் எல்லாரும் நாய், விளக்கு, நேரம் என்று பேசுகிறீர்கள், அதெல்லாம் நியாயம்தான், ஆனால் கூடுதல் வேலை யார் தலையில் விழுந்தது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீடு எண்ணிக்கை ஏறியது, ஆள் எண்ணிக்கை ஏறவில்லை. தாமதமாக வருகிறது என்று அம்மாவிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள், வண்டி பேட்டரி பாதி வழியில் தீர்ந்தால் அவர் தள்ளிக்கொண்டு வருவதை யாரும் பார்ப்பதில்லை.

தெற்குவீதி:
அம்மாவுக்கு நடப்பது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்கு ஆள் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், தொட்டியைக் கேட்கக் கூடாது. தொட்டி வந்தால் அதைச் சுற்றிக் கிடப்பதையும் அம்மாதானே குனிந்து அள்ளுவார்?

துடைப்பம்:
கேட்டால் என்ன நடக்கும் என்று 2025 ஆகஸ்டில் பார்த்தோமே. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது, கைக்கு வரும் சம்பளம் குறையும் என்று மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பெண்கள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள், 13ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்து வண்டியில் ஏற்றினார்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று 1981லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருந்தால் அந்த 480 நாளை யாரிடம் போய்க் கணக்குக் காட்டுவது? ஒவ்வொரு டெண்டருக்கும் புதிய ஆள் மாதிரி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தெரு சுத்தம் வேண்டும் என்பவர்கள் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

தேநீர்க்கடை:
எங்கள் பக்கமும் சொல்கிறேன். டீக்கடை வாசலில் ஒரு கப் கிடந்தாலும் எனக்குத்தான் அபராதம் என்கிறார்கள். குடித்தவர் பத்தடி நடந்து போட்டுவிட்டுப் போகிறார், நான் பின்னாலேயே ஓட முடியுமா? பேருந்து நிறுத்தம், கடைத்தெரு மாதிரி இடங்களில் நடந்து போகிறவர்கள் போடச் சின்னத் தொட்டியாவது வேண்டும். வாசலுக்கு வரும் வண்டி குடியிருப்புக்குச் சரி, எங்களுக்குச் சரிப்படாது.

பழையவார்டு:
கடைக்காரரே, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைப் பட்டியலில் இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் கொடுத்தால் வாசலில் கப்பே கிடக்காது. நடைபாதையில் சின்னத் தொட்டி என்பதை நான் எதிர்க்கவில்லை. வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் பெரிய தொட்டிதான் கூடாது.

தேநீர்க்கடை:
டம்ளர் கழுவத் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கிறேன் ஐயா. பாதிப் பேர் பார்சல் கேட்கிறார்கள். முடிந்தவரை டம்ளர்தான் தருகிறேன், ஆனால் சிறு கடையைப் பிடிப்பது சுலபம் என்பதால் எங்களையே பிடிக்கிறார்கள். முகூர்த்த நாளில் ராத்திரி ஒரு மணிக்கு மண்டபத்திலிருந்து டிராக்டரில் கொண்டுவந்து கால்வாய் ஓரம் கொட்டுகிறார்களே, அவர்களுக்கு என்ன அபராதம் போட்டார்கள்?

தெற்குவீதி:
அதற்குத்தான் கேமரா கேட்கிறேன். முனையிலும் கால்வாய்ப் பக்கமும் வைத்தால் டிராக்டர் எண் தெரியும், கொட்டியவருக்கு வீட்டுக்கே நோட்டீஸ் போகும்.

இரவுப்பணி:
முதலில் விளக்கு எரியட்டும், இருட்டில் எந்த எண் தெரியும்? கேமராவில் முதலில் மாட்டப்போவது ஒரு பையோடு வேலைக்குப் போகும் என்னை மாதிரி ஆள்தான், ஏனென்றால் எங்களிடம் வசூலிப்பது சுலபம். மண்டபத்துக்கு ஏற்கெனவே விதி இருக்கிறதே. குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், தெருவிலோ கால்வாயிலோ கொட்டக் கூடாது என்று அதே 2016 விதிகளிலேயே வந்துவிட்டது. மண்டபத்தின் உரிமத்தில் கை வைத்தால் ஒரே முகூர்த்தத்தில் நிற்கும். அதற்குக் கேமரா எதற்கு?

பழையவார்டு:
உரிமத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வேலையில் இருந்தபோது மண்டபத்துக்கு நோட்டீஸ் எழுதினால் மேலிருந்து போன் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தொட்டி விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். ஒருமுறை திரும்ப வைத்தால் பிரிக்கும் பழக்கம் தொடங்கும் முன்பே செத்துவிடும்.

துடைப்பம்:
தொட்டியும் வேண்டாம், வண்டியையே எல்லாவற்றுக்கும் நம்பவும் வேண்டாம் என்று செய்த ஊர் கேரளத்து ஆலப்புழை. அந்நகரக் குப்பையைக் கொட்டி வந்த சர்வோதயபுரத்து மக்கள் குப்பை லாரியை விடாமல் மறித்த பிறகு, 2012இலிருந்து நகருக்குள்ளேயே மக்க வைக்கிறார்கள். வீட்டில் இடம் இருந்தால் குழாயில் போட்டு மக்க வைப்பது, இல்லாவிட்டால் தெருப் பக்கத்தில் காற்றோட்டமுள்ள பெரிய பெட்டி, சாணக் கரைசலும் காய்ந்த இலையும் மாற்றி மாற்றி அடுக்குவது. தும்பூர்முழி முறை என்பார்கள். சரியாக அடுக்கினால் நாற்றம் வராது, சுமார் மூன்று மாதத்தில் உரம். வேலைக்குப் போகிறவர் தனக்கு வசதியான நேரத்தில் போய்ப் போடலாம், பக்கத்தில் ஒரு ஆள் இருந்து வாங்கிப் பிரிப்பார். அந்த ஆளுக்குச் சம்பளமும் உட்கார நிழலும் கழிப்பறையும் இருந்தால் என் அம்மா அந்த வேலைக்கு இன்றைக்கே போவார்.

தெற்குவீதி:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பக்கத்தில் வைப்பது என்று பேச ஆரம்பித்தால் அடுத்த கையெழுத்து வேட்டை அதை எதிர்த்துத்தான் நடக்கும். பள்ளிக்கூடச் சுவர் ஓரம் வேண்டாம், கோயில் பக்கம் வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள்.

இரவுப்பணி:
சொல்லட்டும், அதைப் பேசத்தானே வார்டு மக்கள் கூடும் பகுதி சபா இருக்கிறது. 2022இலேயே விதி வந்துவிட்டது, நம் வார்டில் கூட்டினார்களா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூட்டினால் நான் மூன்று விஷயம் கேட்பேன், காலை ஆறரைக்குள் ஒரு நடை, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நடை, அதற்குத் தனி ஆள். இருக்கிற ஆட்களையே இரண்டு நேரமும் ஓட்டக் கூடாது. அது நடக்கும்வரை மூடியுள்ள தொட்டி ஒன்று முனையில் இருக்க வேண்டும், தினமும் எடுக்க வேண்டும்.

பழையவார்டு:
இரண்டு நடைக்கு நானும் கூட வந்து பேசுகிறேன் அம்மா, மனு எழுத எனக்குத் தெரியும். ‘அதுவரை தொட்டி’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இரவுப்பணி:
எடுக்க மாட்டேன் ஐயா. அந்த வரி இல்லாவிட்டால் இரண்டாவது நடைக்கு அவர்களுக்கு அவசரமே இருக்காது.